விரிசல் விட்ட வீட்டை வாங்கலாமா? தரகர் சொல்லாத சேதி!

ராசிங்காபுரம்,-

போடியில் இருந்து தேவாரம் போகும் வழியில் இருக்கிறது ராசிங்காபுரம். மேற்கே மலை. இந்தப் பக்கம் வீடு வாங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது பட்டா, பத்திரம், விலை. சுவரைப் பார்ப்பவர்கள் குறைவு.

"அது பூச்சு வெடிப்புண்ணே! வெள்ளையடிச்சா மறைஞ்சிடும்" என்பார் தரகர்.

"ஏங்க, ஜன்னல் மூலையிலே படிக்கட்டு மாதிரி ஏறிப் போகுதே!" என்பார் கூட வந்த மனைவி.

கேட்க வேண்டியது மனைவி சொல்லைத்தான்!

பூச்சில் மயிரிழையாக ஓடும் கோட்டுக்குப் பயம் வேண்டாம். ஜன்னல், நிலை மூலையில் கிளம்பி, சாய்வாக ஏறி, ஒரு முனை அகலமாக இருந்தால் அஸ்திவாரம் ஒரு பக்கமாக இறங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும். கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். தூர்த்த கிணற்றின் மேல் கட்டிய வீடும் இறங்கும். வில்லங்க சான்றில் கடன் தெரியும். கிணறு தெரியாது! அதை ஊர்ப் பெரியவர்கள்தான் சொல்வார்கள்.

மண்ணே நகர்ந்தால்?

மலைச்சரிவில் விவகாரம் வேறு. 2024 டிசம்பர் 1-ந்தேதி திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலையில் இருந்து சரிந்த மண்ணும் பாறையும் வீட்டின் மேல் விழுந்து 7 பேர் பலியானார்கள். 2020 ஆகஸ்டில் மூணாறு பெட்டிமுடியில் 70 உயிர் போனது. அவர்கள் எஸ்டேட் லயன் வீட்டில் இருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். வீட்டைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே அவர்களுக்கு இல்லை.

உத்தரகாண்ட் ஜோஷிமட் நகரம் பழைய மண்சரிவின் மேல் நிற்கிறது என்று 1976-லேயே மிஸ்ரா கமிட்டி எச்சரித்தது. கட்டிடங்கள் எழும்பிக்கொண்டே இருந்தன. 2023 ஜனவரியில் 800-க்கும் மேற்பட்ட வீடுகளில் விரிசல்! 12 நாளில் 5.4 சென்டிமீட்டர் நிலம் அமுங்கியதாகச் செயற்கைக்கோள் படம் காட்டியது.

கண்ணாடித் துண்டு

விரிசல் பழசா, இன்னும் வளர்கிறதா? கொத்தனார்களுக்குத் தெரிந்த வழி ஒன்று உண்டு. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமெண்டு வைத்து ஒட்டி, தேதி எழுதி விடுவார்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது. ஒரு மழைக்காலமாவது பொறுக்க வேண்டும். "அதுவரைக்கும் வீடு நிக்காதுங்க, வேற பார்ட்டி ரெடி" என்று அவசரப்படுத்துகிறவரிடம் அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்புவதே நல்லது.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள். 2021 ஏப்ரலில் வந்த 'பாரத் கிரக ரக்ஷா' பாலிசியில் நிலம் அமுங்குதல், மண்சரிவு இரண்டும் உண்டு. ஆனால் புதுக் கட்டிடம் படியும்போது விடும் சாதாரண விரிசலுக்கும், கட்டுமானக் கோளாறுக்கும் பணம் வராது.