காணாமற்போன காட்சிகள்

புதுச்சேரிக்குத் தெற்கே, பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த சிற்றூர் செலியமேடு. அவ்வூரில் ஒரு வீட்டை எடுத்துக்காட்டாகக் கொள்க. அவ்வீட்டுக் கூடத்தின் மூலையில் பழைய கணினி ஒன்று இரவும் பகலும் இயங்கிக்கொண்டிருக்கிறது. திருமணம், காதுகுத்து, மாசிமகத் தீர்த்தவாரி, 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் வீசிய தானே புயலில் முறிந்து கிடந்த தென்னைகள் எனப் பல ஆண்டுகளின் காட்சிகள் அதனோடு இணைந்த வன்தட்டில் அடங்கியுள்ளன. வீட்டார் ‘ஆயா’ என்று அழைத்த மூதாட்டி நடவுப் பாட்டுப் பாடும் காட்சியும் அவற்றுள் ஒன்று. ஆயா இன்று இல்லை. அவருடைய குரல் அந்த ஒரு கோப்பில் மட்டுமே இருக்கிறது. ஒருநாள் மாலை மின்சாரம் நின்று மீண்டும் வந்தது. தொலைக்காட்சிப் பெட்டியை இயக்கிப் பார்த்தால், ஆயாவின் காட்சி மட்டுமன்று, ஒரு காட்சியும் அங்கில்லை. வீட்டார் நெஞ்சம் பதறாதிருக்குமா?

வீட்டிலுள்ள தொலைக்காட்சிக்கும் செல்பேசிகளுக்கும் காணொளிகளை அனுப்பிவைக்கும் இத்தகைய கணினியை வழங்கி என்பர். சர்வர் என்பதே மக்கள் வழக்கு. அதனுள் பிளெக்ஸ், ஜெல்லிஃபின் முதலிய மென்பொருள்களுள் ஏதேனும் ஒன்று வேலை செய்யும். ஜெல்லிஃபின் 2018ஆம் ஆண்டின் இறுதியில் எம்பி என்னும் மென்பொருளிலிருந்து கிளைத்தது, விலையின்றிக் கிடைப்பது. எதுவாயினும் அதன் இயல்பை அறிய ஒரு நூலகத்தை நினைத்தால் போதும். நூல்கள் அடுக்குகளில் இருக்கின்றன. அவற்றின் பெயர்களோ வாயிலருகே உள்ள பட்டியலில் இருக்கின்றன. வழங்கியும் அவ்வாறே. காணொளிகள் வன்தட்டின் கோப்புறைகளில் கிடக்கும். மென்பொருள் அவ்வப்போது அக்கோப்புறைகளைச் சுற்றிவந்து, தான் கண்டவற்றைப் பட்டியலாக எழுதிக்கொள்ளும். தொலைக்காட்சித் திரை காட்டுவது அப்பட்டியலையே. பட்டியலில் பெயர் இல்லை என்பதனால் அடுக்கில் நூல் இல்லை என்று முடிவு செய்யலாகாது.

ஆதலின் முதற்கண் செய்யத்தக்கது, திரையை விடுத்து வழங்கிக் கணினியிலேயே அக்கோப்புறையைத் திறந்து பார்ப்பதாம். கோப்பு அங்கே இருக்கிறதா? அதன் அளவு சுழியாக இல்லாமல் உள்ளதா? அக்கணினியிலேயே அது ஓடுகிறதா? ஓடுமாயின் எதுவும் அழியவில்லை, பட்டியல்தான் பிழைபட்டது. இதனைப் பாராமலே வன்தட்டைத் துடைத்துப் புதிதாக அமைக்கத் துணிவோர் உளர். அழியாதிருந்த காட்சிகள் மெய்யாகவே அழிவது அப்பொழுதுதான்.

அடுத்து, எத்தனை காட்சிகள் மறைந்தன என்று நோக்குதல் வேண்டும். எல்லாம் ஒருங்கே மறைந்தால் ஒவ்வொரு கோப்பாக ஆராய்வது வீண்வேலை. வன்தட்டுக்கும் கணினிக்கும் இடையே உள்ள தொடர்பையே ஐயுறுதல் தகும். மின்தடைக்குப் பின் கணினி விழித்தெழும்போது, யூஎஸ்பி வடத்தால் இணைத்த வன்தட்டு சற்றுத் தாமதித்து எழுதல் உண்டு. விண்டோஸ் கணினியில் முன்பு ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்தைப் பெற்றிருந்த வன்தட்டு, பின்னர் ‘எஃப்’ என்னும் எழுத்தைப் பெறவும் கூடும். வழங்கியோ பழைய முகவரிக்கே சென்று கதவைத் தட்டுகிறது; அங்கே ஆளில்லை. சில வழங்கிகளில் பெயர்கள் நிற்கும், படம் ஓடாது. சிலவற்றில் பெயர்களே நீங்கிவிடும். பிளெக்ஸில், கோப்புறைகளைப் படித்து முடித்தவுடன் குப்பையைத் தானே நீக்கும் அமைப்பு ஒன்று உண்டு. வெளியிலிருந்து வன்தட்டை இணைத்திருப்போர் அதனை நிறுத்திவைத்தல் நலம். செலியமேட்டு வீட்டிலும் வன்தட்டுக்கு முன்னைய எழுத்தையே மீண்டும் அளித்து, கோப்புறைகளைப் படிக்கச் செய்தால், இழந்ததாக எண்ணிய காட்சிகள் திரைக்குத் திரும்பும்.

சில காட்சிகள் மட்டும் மறைந்திருப்பின் காரணம் வேறு. லினக்ஸ் கணினியில் வழங்கி மென்பொருள் தனியொரு பயனராக இயங்கும். வீட்டு மகன் தன் பெயரில் படியெடுத்த கோப்பைத் தான் மட்டுமே திறக்குமாறு வைத்திருந்தால், வழங்கி அதனைப் படிக்க இயலாது. கோப்புக்கு மட்டுமன்றி, அதனை உள்ளடக்கிய கோப்புறைகள் அனைத்திற்கும் நுழைவுரிமை வேண்டும். உள்ளறைச் சாவி கையிலிருந்தும் தெருக்கதவு பூட்டியிருந்தால் பயன் என்ன?

பெயரால் விளையும் குழப்பம் பெரிது. ‘பொல்லாதவன்’ என்னும் பெயரில் 1980ஆம் ஆண்டில் ரஜினிகாந்த் நடித்த படமும், 2007ஆம் ஆண்டில் தனுஷ் நடித்த படமும் உள்ளன. ஆண்டைக் குறியாது இரண்டையும் வைத்தால், பிளெக்ஸ் அவற்றை ஒரே படத்தின் இரு படிகள் எனக் கருதி ஒரு பெயரின்கீழ் இணைத்துவிடக் கூடும். தேடுவோர் ஒன்று தொலைந்தது என்பர். அஃது மற்றொன்றின் பின்னே மறைந்து நிற்கும். பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் ஆண்டை எழுதும் வழக்கம் இதன்பொருட்டே ஏற்பட்டது. தொடர்களுக்கான பகுதியில் வீட்டுக் காணொளியை இட்டாலும், பருவ எண்ணும் பகுதி எண்ணும் காணாமையால் வழங்கி அதனைத் தள்ளிவிடும். வீட்டுக் காட்சிகளுக்கென்றே உள்ள வகையைத் தெரிந்தெடுத்தல் வேண்டும்.

தமிழ்ப் பெயருக்கு உரிய இடர்கள் சில உள. ‘பொ’ என்னும் எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடு முறையில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாக இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. லினக்ஸ் கணினிக்கோ வெவ்வேறு பெயர்கள். மேக் கணினியிலிருந்து கோப்புகளை மாற்றும்போது இவ்வேறுபாடு புகுந்துவிடுவதுண்டு. மேலும், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் சேமிப்பில் மூன்று பைட்டு இடம் கொள்ளும். லினக்ஸில் பெரும்பாலும் வழங்கும் வன்தட்டு முறை ஒரு பெயருக்கு 255 பைட்டே தருகிறது; ஆகவே 85 குறிகளே அடங்கும். ‘கா’ என்பதே இரு குறி, ‘க்’ என்பதும் இரு குறி. மெய்க்கீர்த்தி போல் நீளப் பெயரிட்ட திருமணக் காணொளி, விண்டோஸிலிருந்து அங்கே படியெடுக்கும்போது ஏறாமலே நின்றுவிடும். ஃபேட்32 முறையில் அமைந்த பென்டிரைவும் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்பதில்லை. இவை மறைந்தவை அல்ல, வந்தே சேராதவை. மூலப்படியை அழிக்குமுன் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

காரணம் எதுவும் புலப்படாதபோது வழங்கியின் நிகழ்வுக் குறிப்பேட்டைப் புரட்டுக. எக்கோப்பை எப்போது திறக்க முயன்று தோற்றது என்பதை அது பெரும்பாலும் எழுதி வைத்திருக்கும். அதனைப் படிப்போர் மிகச் சிலரே.

வன்தட்டிலும் கோப்பு இல்லையாயின் முதலில் கணினியின் குப்பைக் கூடையைத் தேடுக. பின்னர் படம் பிடித்த செல்பேசியையும் ஒளிப்படக் கருவியின் அட்டையையும் தேடுக. அங்கும் கிடைக்கவில்லையேல் அவ்வன்தட்டில் புதிதாக ஒன்றையும் எழுதலாகாது. சுழலும் வன்தட்டில் நீக்கிய கோப்பின் இடக்குறிப்பே பெரும்பாலும் அழிகிறது. அவ்விடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை உள்ளடக்கம் எஞ்சியிருக்கும். மீட்பு மென்பொருள் அதனைத் திரட்டித் தரக் கூடும். எஸ்எஸ்டி என்னும் புதுவகைச் சேமிப்பில் இந்த நம்பிக்கை குறைவு. நீக்கிய பகுதியை அது விரைவிலேயே துடைத்துவிடும். ஆயாவின் பாட்டைப் போன்ற கோப்புக்கு, கடலூரிலோ பாகூரிலோ உள்ள உறவினர் வீட்டில் வேறொரு வன்தட்டில் இரண்டாம் படி இருத்தல் வேண்டும். அப்படி ஓடுகிறதா என்று ஆண்டுக்கொருமுறை பார்த்தலும் வேண்டும்.