ஸ்கேன் கருவி சுத்தமாக இருக்கிறதா?

"ஸ்கேன் எடுத்தாச்சா? பிள்ளை நல்லா இருக்கா?" கூலாயிலும் சரி, குளுவாங்கிலும் சரி, கர்ப்பிணிப் பெண்ணைக் கண்டதும் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். முன்பு வந்தவருக்குப் பயன்படுத்திய கருவியை எப்படிச் சுத்தம் செய்தார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்கக் கூச்சம். டாக்டர் ஏசுவாரோ என்ற பயம் வேறு.

உடலில் வைத்துப் பார்க்கும் கைக்கருவிக்குப் புரோப் என்று பெயர். ஒரே புரோப் ஒரு நாளில் பலரைத் தொடுகிறது. கொதிநீரில் போட்டால் அதன் உள்பாகங்கள் கெட்டுவிடும். ஆகவே கிருமிநாசினி மருந்தைத்தான் நம்பியிருக்க வேண்டும்.

வயிற்றின் மேல் வைக்கும் புரோப் என்றால் பெரிய கவலை இல்லை. காயமில்லாத தோலே ஒரு காவல். ஜெல்லை முழுவதும் துடைத்துவிட்டு, தயாரிப்பாளர் அனுமதித்த கிருமிநாசினித் துணியால் துடைத்தால் போதும். கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் பெண்ணுறுப்பின் வழியே உள்ளே வைக்கும் புரோப்பின் கதை வேறு. அதற்கு உயர்நிலைக் கிருமி நீக்கம் கட்டாயம்.

"உறை மாட்டித்தானே வைக்கிறோம்" என்பார்கள். உறையில் கண்ணுக்குத் தெரியாத துளை இருக்கலாம். கழற்றும்போது கைப்பிடியில் அழுக்குப் படலாம். உறை போட்டாலும் ஒவ்வொருவருக்குப் பிறகும் கிருமி நீக்கம் செய்தே ஆக வேண்டும்.

2012 ஜூனில் பிரிட்டனின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பு ஓர் எச்சரிக்கை விடுத்தது. ஹெபடைடிஸ் பி தொற்றால் ஒரு நோயாளி இறந்திருந்தார்; உணவுக்குழாய் வழியே இருதயத்தைப் பார்க்கும் புரோப்பைச் சரியாகச் சுத்தப்படுத்தத் தவறியதோடு அது தொடர்புடையதாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. பெண்ணுறுப்பு வழியே வைக்கும் புரோப்களுக்கும் அதே எச்சரிக்கை பொருந்தியது.

முதலில் ஜெல்லைத் துடைத்து, சோப்பு நீரால் கழுவி, உலர்த்த வேண்டும். ஜெல் ஒட்டியிருந்தால் மருந்து கிருமியை எட்டாது. ஈரம் இருந்தால் மருந்து நீர்த்துப்போகும். பிறகுதான் மருந்தில் ஊறவைப்பது. 2 விழுக்காடு குளுட்டரால்டிஹைடு என்றால் பொதுவாக 20 நிமிடம். சிக்கல் இங்கேதான். வெளியே பத்துப் பேர் காத்திருக்க, கிளினிக்கில் இருப்பதோ ஒரே புரோப். 20 நிமிடம் 5 நிமிடமாகச் சுருங்கினால் யாருக்குத் தெரியும்? ஊறவைத்த பிறகு மருந்து போக அலசி, உலர்த்தி, மூடி வைக்க வேண்டும்.

இன்னொரு சங்கதி. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. கிருமி குளுட்டரால்டிஹைடுக்கு அடங்குவதில்லை என்று 2014-இல் அமெரிக்க ஆய்வுக்கூடச் சோதனை காட்டியது. ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவியைப் பயன்படுத்தும் இயந்திரங்களுக்குச் சில மருத்துவமனைகள் மாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜெல் போத்தலையும் கவனியுங்கள். காலியாகும் முன்பே மேலும் மேலும் நிரப்பினால் அதுவே கிருமிப் பண்ணை.

தாதியிடம் தன்மையாகக் கேட்கலாம்: "மிஸ்ஸி, இதை எந்த மருந்தில், எத்தனை நிமிடம் வைத்தீர்கள்?" முறையாகச் செய்யும் இடத்தில் பதில் உடனே வரும், நேரம் குறித்த பதிவேடும் இருக்கும். புதிய உறையைக் கண்முன்னே பிரிக்கச் சொல்லலாம். தனியார் கிளினிக்குகள் 1998-ஆம் ஆண்டு தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டத்திற்கு உட்பட்டவை. அங்கே குறை கண்டால் ஜொகூர் மாநிலச் சுகாதார இலாகாவில் புகார் கொடுக்கலாம்.