துவக்கும் திறப்பும்

வீட்டிலுள்ள துவக்கைப் பாதுகாப்பாக வைத்திருத்தல் பெரும்பாலும் தனிமனித ஒழுக்கமாகவே பேசப்படுகிறது. உரிமையாளன் கவனமுள்ளவனாயின் ஆபத்தில்லை என்பதே இப்பார்வையின் சாரம். கவனம் இன்றியமையாதது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயின் வீடு சமூகத்துக்குப் புறம்பான இடமன்று; அதனுள்ளும் அதிகார உறவுகள் உள. எனவே துவக்கு எங்கே வைக்கப்பட்டுள்ளது என்ற வினாவுடன், அதன் திறப்பு யாரிடம் உள்ளது என்ற வினாவையும் நாம் எழுப்புதல் வேண்டும்.

இலங்கையில் துவக்கு வைத்திருத்தலை இன்றும் நெறிப்படுத்துவது, குடியேற்ற ஆட்சிக் காலத்தில் இயற்றப்பட்ட 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டமாகும். யார் துவக்கு வைத்திருக்கிறார் என்பதை அது அனுமதிப்பத்திரத்தால் அறிகிறது. வீட்டினுள் அதனை யார் தொடுகிறார் என்பதை அனுமதிப்பத்திரம் காட்டாது.

அக்காலத்துக் கிராமத்தில் துவக்கு எத்தகைய உறவுகளிடையே இருந்தது என்பதை இலக்கியம் உணர்த்துகின்றது. லெனாட் வுல்ஃப் 1905இல் யாழ்ப்பாணத்தில் அரச சேவையைத் தொடங்கி, பின்னர் அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்தவர். காட்டுக் கிராமமொன்றைப் பற்றி அவர் 1913இல் வெளியிட்ட நாவலில், சிலிந்து என்னும் ஏழை வேட்டைக்காரன் தன்னை ஒடுக்கிய கிராமத் தலைமைக்காரனையும் வட்டிக் கடைக்காரனையும் சுட்டுக் கொல்கிறான். வயிற்றுப்பிழைப்புக்கான கருவியே கொலைக்கருவியாகிறது. இங்கு மாறியது கருவியன்று, முரண்பாடே முற்றிவிட்டது.

1971 ஏப்பிரில் கிளர்ச்சியில் ஈடுபட்டோர் வீடுகளிலிருந்த வேட்டைத் துவக்குகளைக் கைப்பற்றினர். அனுமதிப்பத்திரத்தில் ஒருவர் பெயர், துவக்கோ வேறொருவர் கையில் என்பதே நிலை. குடாநாட்டின் அனுபவம் இதனினும் கொடியது. 1987 ஆகஸ்ட் 5இல் பலாலியில் ஆயுதக் கையளிப்பு நிகழ்ந்தபோதும் போர் 2009 மே வரை நீண்டது. ஆயுதங்களின் நடுவே வளர்ந்தோருக்கு அவற்றின் மீதான அச்சம் மரத்துப்போதல் இயல்பு. அச்சம் மரத்த வீட்டில் ஒழுங்குமுறை முன்னிலும் கண்டிப்பாயிருத்தல் வேண்டும்.

அவ்வொழுங்கு எளிதானதே. துவக்கை வீட்டினுள் கொண்டுவருமுன் குழலை மடித்துத் திறந்து, தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் காணவேண்டும். துவக்கு ஓரிடத்திலும் தோட்டாக்கள் வேறிடத்திலுமாகத் தனித்தனியே பூட்டப்படல் வேண்டும். அலுமாரியின் மேலோ முகட்டு வளையிலோ ஒளித்து வைத்தல் பூட்டி வைத்தலாகாது. வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் சிறுவர் அறிவர். கடற்காற்றின் உப்பு இரும்பை அரிக்குமாதலால் துவக்கு உலர்ந்த இடத்தில் எண்ணெய் பூசி வைக்கப்படல் வேண்டும்.

பூட்டு சிறுவரைக் காக்கும். ஆனால் திறப்பை வைத்திருப்பவனின் சினத்திலிருந்து அவன் மனைவியை யார் காப்பது? அவனுடைய மனமுறிவிலிருந்து அவனையே யார் காப்பது? இதற்குக் கிருமிநாசினிகளின் வரலாறு ஒரு பாடம் தருகின்றது. 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தனர். மிகுநச்சுக் கிருமிநாசினிகள் 1995இலும் 1998இலும் தடைசெய்யப்பட்டதையடுத்து, 2005 அளவில் இவ்வீதம் ஏறத்தாழப் பாதியாகியது. மறுபுறம், வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களை உள்ளடக்கி, வீடுகளுக்குப் பூட்டத்தக்க பெட்டிகளை வழங்கி நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2017இல் வெளியாயின. பெட்டிகளால் நஞ்சருந்துதல் குறைந்தமைக்கு அவ்வாய்வில் சான்று கிட்டவில்லை.

நஞ்சும் துவக்கும் ஒன்றல்ல. எனினும் கணநேர உந்துதலின்போது கொல்லும் கருவி கைக்கெட்டுவதே இரண்டிலும் ஆபத்தாகும். பூட்டு அக்கருவியை வீட்டிலேயே வைத்திருக்கிறது; தடையோ அதனை வீட்டிலிருந்தே அகற்றுகிறது.

ஆகவே பொறுப்புடைமை பூட்டுடன் முடிவதன்று. பயிரைக் காக்க வாங்கிய துவக்கு, அத்தேவை நீங்கிய பின்னரும் கௌரவச் சின்னமாக வீட்டில் கிடத்தலாகாது. குடும்பத்தில் வன்முறையோ ஆழ்ந்த மனத்துயரோ தோன்றுமிடத்து, துவக்கைத் தாமதமின்றி உரிய அதிகாரியிடம் ஒப்படைத்தலே கடமை. அவ்வாறு கோரும் உரிமை துவக்கின் சொந்தக்காரனுக்கு மட்டுமன்றி, அவ்வீட்டில் வாழும் பெண்ணுக்கும் உண்டென ஏற்கப்படும்போதே பாதுகாப்பு என்ற சொல் முழுப்பொருள் பெறும்.