பழைய 3 சீரிஸ் வாங்கப் போறீங்களா? விலை பேசுறதுக்கு முன்னாடி சத்தத்தைக் கேளுங்க

புது ஹேட்ச்பேக் விலையை விடக் கம்மியா ஒரு பிஎம்டபிள்யூ கிடைக்குதுன்னா யாருக்குத்தான் ஆசை வராது? 2008, 2010 மாடல் 3 சீரிஸ், அதாவது கார் பிரியர்கள் இ90னு சொல்ற தலைமுறை, ஒரு வகையில நம்ம ஊர் வண்டி. சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துல மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில இருக்கிற ஆலையில 2007லிருந்து அசெம்பிள் ஆச்சு. ராஜகீழ்ப்பாக்கத்துல என் ஆபீஸுக்கு ரிட்டர்ன் ஃபைல் பண்ண வர்ற ஐடி பசங்க, ரீஃபண்ட் எப்ப வரும்னு கேட்ட கையோட அடுத்து கேட்குறது இதைத்தான்: "சார், பழைய பீமர் ஒண்ணு பார்த்திருக்கேன். ஓடும்போது லேசா ஊங்ங்னு ஒரு சத்தம், மத்தபடி கண்டிஷன் சூப்பர். வாங்கலாமா?"

இந்தக் கேள்வியிலயே விலை அதிகமான வார்த்தை "லேசா"தான்.

ஏன்னா அந்த ஊங்ங் நாலு இடத்துலருந்து வரலாம். டயர் ஒழுங்கில்லாம தேய்ஞ்சிருக்கலாம். சக்கரத்து பேரிங் போயிருக்கலாம். நடுவுல ஓடுற ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டைத் தாங்குற சென்டர் பேரிங்கா இருக்கலாம். இல்ல, பின்னாடி இருக்கிற டிஃபரென்ஷியலா இருக்கலாம், நம்ம மெக்கானிக்குங்க "கிரவுன் சவுண்டு"னு சொல்வாங்களே, அதுதான். காதுக்கு நாலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். பில்லுக்கு அப்படி இல்ல. டயரை மாத்தினா அன்னைக்கே வேலை முடிஞ்சுது, டிஃபரென்ஷியல்னா ரெண்டு மாச சம்பளம் போனாலும் ஆச்சரியமில்ல. விக்கிறவர் எப்பவும் "டயர் சவுண்டுதாங்க"னு தான் சொல்வார். உண்மையாவும் இருக்கலாம். அதை நம்ம காதால உறுதி பண்ணிக்கிட்டு விலை பேசணும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில ஆறு மணிக்கு வண்டியைக் கேளுங்க. வேளச்சேரி–தாம்பரம் ரோட்டுல ஓட்டிக் காட்டுறேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. கேம்ப் ரோடு சிக்னல்ல நிக்கிற வண்டியில எந்த பேரிங்கும் பேசாது. பெரும்பாலும் 50 கிலோமீட்டருக்கு மேல போனாத்தான் அது வாயைத் திறக்கும். தாம்பரம் தாண்டி, வண்டலூர்ல வெளிவட்டச் சாலையில ஏறுங்க. பாட்டு ஆஃப், ஏசி ஆஃப், கண்ணாடியை ஒரு தடவை ஏத்தியும் ஒரு தடவை இறக்கியும் வெச்சுக் கேளுங்க. கூட ஒரு ஃப்ரெண்டைப் பின் சீட்ல உட்கார வைங்க. ஓட்டுறவரை விட பின்னாடி இருக்கிறவருக்குத்தான் பின் சக்கரமும் டிஃபரென்ஷியலும் நல்லாக் கேட்கும்.

முதல் சோதனை: 60ல சீரா ஓட்டிக்கிட்டே கியரை மேனுவல் மோடுக்கு மாத்தி ஒரு கியர் குறைங்க. வேகம் அதே, இன்ஜின் சுத்துறது மட்டும் கூடும். சத்தத்தோட சுருதியும் சேர்ந்து ஏறினா இன்ஜின், கியர்பாக்ஸ் பக்கம் பார்க்கணும். சுருதி மாறாம இருந்தா கியர்பாக்ஸுக்குப் பின்னாடி இருக்கிற ஏதோ ஒண்ணு. இந்த ஒரே சோதனையில பாதி சந்தேகம் தீர்ந்துடும்.

அடுத்து, ரோடு காலியா இருக்கிற இடத்துல ஸ்டீயரிங்கை மெதுவா இடது, வலதுனு லேசா அசைங்க. இடது பக்கம் திருப்பும்போது வண்டியோட பாரம் வலது சக்கரங்கள் மேல சாயும். அப்போ ஊங்ங் கூடி, வலது பக்கம் திருப்பும்போது குறைஞ்சா, வலது பக்க பேரிங் மேல பெரிய சந்தேகம். டயர் சத்தம் இப்படிப் பக்கம் பார்க்காது, ரோட்டைப் பார்க்கும். கான்கிரீட்லருந்து புது தாருக்கு மாறினதும் குரல் மாறினா அது டயர். வண்டியை நிறுத்திட்டு டயர் மேல உள்ளங்கையை முன்னும் பின்னுமா தடவிப் பாருங்க. ஒரு திசையில வழவழப்பா, எதிர்த் திசையில ரம்பம் மாதிரி இருந்தா அலைன்மெண்ட் சரியில்லாம தேய்ஞ்சிருக்கு. பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், 2316னா 2016ஆம் வருஷம் 23ஆவது வாரம் தயாரானது. பட்டன் நிறைய இருந்தாலும் அந்த டயர் கிழடுதான்.

மூணாவது, ஆக்ஸிலரேட்டர். அழுத்தும்போது ஒரு குரல், காலை எடுத்ததும் வேற குரல்னா டிஃபரென்ஷியல் பக்கம் போங்க. பேரிங்குக்கு ஆக்ஸிலரேட்டரைப் பத்திப் பெருசா கவலை இல்ல, ஓடுற வேகம்தான் கணக்கு. சிக்னல்லருந்து கிளம்பும்போது மட்டும் அடிவயித்துல ஒரு உறுமல், நடுக்கம் வந்தா சென்டர் பேரிங். டி-லருந்து ஆர்-க்கு மாத்தும்போது "டொக்"னா, கியர்பாக்ஸையும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டையும் இணைக்கிற ரப்பர் கப்ளிங் வெடிச்சிருக்கலாம். லிஃப்ட்ல தூக்கினா அந்த விரிசல் கண்ணுக்கே தெரியும்.

இங்க ஒரு விஷயம். இது பின் சக்கரம் தள்ளுற வண்டி, முன் சக்கரத்துக்கு டிரைவ் ஷாஃப்ட்டே கிடையாது. முன்னாடி சக்கரத்துல சத்தம்னு காட்டினதும் ஒரு மெக்கானிக் "சிவி ஜாயிண்ட் போச்சு சார்"னு சொன்னா, நன்றி சொல்லிட்டு வேற கடை பாருங்க. அவர் மாருதிக்குக் கெட்டிக்காரரா இருக்கலாம், இந்த வண்டிக்கு இல்ல.

எதுக்கெடுத்தாலும் பயப்படவும் வேண்டாம். மழைக்கு அப்புறம் முதல் நாலு பிரேக்குக்கு வர்ற கரகரப்பு டிஸ்க் மேல படிஞ்ச துரு, தானா போயிடும். விடாம கீச்சுனு தகரம் உரசுற சத்தம் டிஸ்க்குக்குப் பின்னாடி இருக்கிற தகடு வளைஞ்சதாலயோ, நடுவுல மாட்டின ஜல்லியாலயோ இருக்கும். டீக்காசுல முடியுற வேலை. ஆனா இதை வெச்சுக்கூட விலையைக் குறைக்கிறவங்க உண்டு, நான் தப்பு சொல்ல மாட்டேன்.

ரோடு டெஸ்ட் முடிஞ்சதும் லிஃப்ட் இருக்கிற கடைக்குப் போங்க. சக்கரத்தைக் கையால சுத்தி, இன்னொரு கையை ஸ்பிரிங் மேல வெச்சா, போன பேரிங் மணலை அரைக்கிற மாதிரி கையில தெரியும். இ90ல முன் பேரிங் ஹப்போட சேர்ந்த ஒரே யூனிட், போல்ட்டைக் கழட்டி மாத்திடலாம். பின் பேரிங்கை பிரஸ் வெச்சு அடிச்சு ஏத்தணும், லேபர் கூட. அதனால "ஒரு பேரிங் எவ்வளவு"னு கேட்காதீங்க, முன்னாடியா பின்னாடியானு சொல்லி எஸ்டிமேட் வாங்குங்க.

நம்ம ஏரியாவுக்குன்னே ஒரு சோதனை இருக்கு: வெள்ளம். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் 2015லயும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் தண்ணி எவ்வளவு நின்னுதுன்னு உங்களுக்குத் தெரியும். சீட்டையும் மேட்டையும் துவைச்சுக் காய வெச்சுடலாம். பேரிங்குக்குள்ள போன தண்ணி கிரீஸைக் கெடுத்து, துரு பிடிக்க வெச்சு, மாசக்கணக்குல கழிச்சுத்தான் ஊங்ங்னு ஆரம்பிக்கும். அதனால லிஃப்ட்ல இருக்கும்போதே டிஃபரென்ஷியலோட ஆயில் பிளக்கைத் திறக்கச் சொல்லுங்க. ஆயில் பால் விட்ட டீ மாதிரி இருந்தா உள்ள தண்ணி இருக்குன்னு அர்த்தம்.

இதே கதையை பேப்பர்லயும் படிக்கலாம், இது என் தொழில் சார்ந்த கெட்ட பழக்கம். விக்கிறவரோட கடைசி மூணு வருஷ இன்சூரன்ஸ் பாலிசி கேளுங்க. நோ க்ளெயிம் போனஸ் 45, 50 சதவீதத்துல இருந்து 2024 புதுப்பிப்புல திடீர்னு பூஜ்யம் ஆகியிருந்தா, ஒண்ணு க்ளெயிம் வாங்கியிருக்கார், இல்ல பாலிசியை ரொம்ப நாள் விட்டிருக்கார். எதுன்னு கேட்டுடுங்க. அந்த போனஸ் வண்டியோடது இல்ல, அவரோடது, உங்களுக்கு வராது. அதே மாதிரி, நீங்க எடுக்கப்போற பாலிசி தேய்மானத்துக்கும் மெக்கானிக்கல் பழுதுக்கும் பணம் தராது. பேரிங்கும் டிஃபரென்ஷியலும் முழுக்க உங்க பாக்கெட்.

இப்போ கணக்குக்கு வருவோம். இவ்வளவு வயசான வண்டிக்கு பெரும்பாலான வங்கிகள் கார் லோன் தர யோசிக்கும், அதனால பசங்க பர்சனல் லோன் பக்கம் போறாங்க. 5 லட்சம், 14 சதவீதம், 48 மாசம்னா இஎம்ஐ சுமார் 13,663 ரூபா. வட்டி மட்டும் ஏறக்குறைய 1.56 லட்சம். வண்டி லிஃப்ட்ல நிக்கிற மாசமும் இது கட்டியாகணும். என் கருத்து நேரா சொல்றேன்: இந்த மாதிரி வண்டி கையில இருக்கிற காசுல வாங்குற பொருள், அதுவும் எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாம. முடியலைன்னா இந்த வருஷம் வேண்டாம்.

காசு இருக்குன்னே வெச்சுக்குங்க. விலை 5.5 லட்சம் சொல்றாங்க. சத்தம் எதுன்னு தெரிஞ்சு எஸ்டிமேட் 60,000 வந்தா, அதைக் கழிச்சுக் கேளுங்க. எதுன்னே தெரியலைன்னா நாலுல எது ரொம்ப செலவோ அதைக் கழிங்க. ஒத்துக்கலைன்னா விட்டுடுங்க. புதுப்பேட்டையில கழட்டின டிஃபரென்ஷியல் கிடைக்குமேன்னு கேட்பீங்க. கிடைக்கலாம். ஆனா 320ஐக்கும் 320டிக்கும் பல் விகிதம் வேற, பார்ட் நம்பர் ஒத்துப்போகணும். பழைய பேரிங் மட்டும் எந்தக் காலத்துலயும் வாங்காதீங்க.

மிச்சத்தைச் சுருக்கமா சொல்லிடறேன். 15 வருஷம் முடிஞ்ச வண்டின்னா ஆர்சி புதுப்பிச்சிருக்கான்னு பாருங்க, அதுக்கப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை. கட்டணம் 5,000 ரூபா, 20 வருஷம் தாண்டினா 10,000, பசுமை வரி தனி. டீலர்கிட்ட வாங்கினா ஜிஎஸ்டி (ரோடு இல்ல, வரி) 18 சதவீதம், அது அவரோட மார்ஜினுக்கு மட்டும்தான், முழு விலைக்குக் கேட்டா பில்லைக் காட்டச் சொல்லுங்க. பின்னாடி நஷ்டத்துக்கு வித்தா வருமான வரியில அந்த நஷ்டத்தைக் காட்ட முடியாது, சொந்த உபயோக கார் மூலதனச் சொத்துல வராது. 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா கேட்டா கொடுக்காதீங்க, வாங்குறவருக்கு அதே அளவு அபராதம் வரும்னு சொன்னாலே அக்கவுண்ட் நம்பர் தருவார்.

இந்த வார வீடியோல இந்தச் சத்தங்களை ஒண்ணொண்ணா ரெக்கார்ட் பண்ணிப் போட்டிருக்கோம். ஃபோன் ஸ்பீக்கர்ல எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்கும், ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்க.