எதைப் படிக்கலாம்? – 9: உப்பு எங்கே போனது?

வேதியியலுக்கும் வேதிப் பொறியியலுக்கும் என்ன வித்தியாசம் என்று இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்குள் சாயப்பட்டறைகளில் போடும் கிளாபர் உப்பு குறுக்கே வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் வித்தியாசத்தை மட்டும் சொன்னால் வெறும் வரையறையாகத்தான் இருக்கும்.

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் திருப்பூர் வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. காமர்ஸ் குரூப் எடுத்தால் ஏதாவது எக்ஸ்போர்ட் ஆபீசில் கணக்குப் பார்க்கலாம். கம்ப்யூட்டர் எடுத்தால் கோவைக்கோ பெங்களூருக்கோ போகலாம். கெமிஸ்ட்ரி படித்து என்ன செய்வது? வேறு எந்த ஊரில் கேட்டாலும் இதை நியாயமான கவலை என்று ஒப்புக்கொள்வேன். திருப்பூரில் கேட்பது எனக்குப் பெரிய வருத்தம் தருகிறது. இந்த ஊரின் தறியும் தையலும் எல்லார் கண்ணுக்கும் தெரிகின்றன. ஆனால் 2011இல் ஊரை அப்படியே நிறுத்தி வைத்ததும், பிறகு மெல்ல மெல்ல ஓட விட்டதும் வேதியியல்தான். அதுவும் ஆராய்ச்சிக் கூடத்து அபூர்வ வேதியியல் இல்லை. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் 'கரைசல்கள்' பாடத்தில் இருக்கிற சங்கதி.

சாயப்பட்டறையில் நடப்பதைக் கிட்டே போய்ப் பார்ப்போம். பருத்தி இழை தண்ணீரில் நனைந்ததும் அதன் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் பெறுகிறது. பனியன் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தின் மூலக்கூறும் எதிர்மின்னூட்டம் கொண்டதுதான். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். சாயம் தண்ணீரிலேயே நிற்கும், துணிக்குள் போகாது. அந்தத் தள்ளலைத் தணிக்கத்தான் உப்பு. அழுத்தமான ஷேடு வேண்டுமென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம், சில சமயம் அதற்கு மேலும் போட வேண்டியிருக்கும். உப்பு ஏறியதும் சாயம் இழைக்குள் நகர்கிறது. அதன் பிறகு சோடா ஆஷ் சேர்த்துக் காரத்தன்மையைக் கூட்டினால் சாயமும் செல்லுலோஸும் சகப்பிணைப்பால் இறுகிவிடுகின்றன. துவைத்தாலும் போகாத நிறம் என்பது அந்தப் பிணைப்புத்தான். ஐசிஐ நிறுவனத்தின் ராட்டீ, ஸ்டீஃபன் என்ற இருவர் 1954இல் இதைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் தேடியது கம்பளிக்கான சாயத்தை. கிடைத்தது பருத்திக்கான சாயம். 1956இல் அது கடைக்கு வந்தது. பதினெட்டு வயது வில்லியம் பெர்கின் மலேரியா மருந்து செய்யப்போய் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டது 1856இல். சரியாக நூறு வருடம்.

இந்த வேலையில் உப்பின் பங்கு என்ன என்று கவனியுங்கள். அது துணியோடு சேர்வதில்லை, சாயத்தோடும் சேர்வதில்லை. சாயத்தை உள்ளே அனுப்பிவிட்டுத் தண்ணீரிலேயே நிற்கிறது. ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணீர் வைத்துச் சாயமேற்றுகிறோம் என்றால், லிட்டருக்கு 60 கிராம் வீதம் 480 கிராம் உப்பு. ஒரு டன் துணிக்கு ஏறக்குறைய அரை டன். போட்டது அத்தனையும், ஒரு கிராம் குறையாமல், கழிவுநீரோடு வெளியே வருகிறது. பொருண்மை அழியா விதியைப் பள்ளியில் எழுதி மார்க் வாங்கிய எவரும் இந்தக் கணக்கைப் போட்டிருக்க முடியும்: தினமும் இத்தனை டன் உப்பு பட்டறைக்குள் போகிறது; துணியில் உப்பு இல்லை; அப்படியானால் உப்பு எங்கே போனது? நொய்யல் ஆற்றுக்குப் போனது. காங்கேயம் பக்கம் பாசனத்துக்கென்று கட்டி 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கியது. அணை நீரைப் பாய்ச்சினால் பயிர் கருகும் என்ற நிலை வந்தது. கிணறுகள் உவர்த்தன. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்று 2006இல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2009இல் உச்ச நீதிமன்றமும் விவசாயிகள் பக்கமே நின்றது. உத்தரவு நிறைவேறாததால் 2011 ஜனவரி 28 அன்று எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. கூடவே நிட்டிங்கும் தையலும் தடுமாறின.

அதற்கு முன்பே பல இடங்களில் ஆர்.ஓ. மிஷின்கள் வந்திருந்தன. ஆனால் ஆர்.ஓ. உப்பை ஒழிப்பதில்லை, ஒதுக்கித்தான் வைக்கிறது. சவ்வின் ஒரு பக்கம் நல்ல தண்ணீர் போனால் மறுபக்கம் முன்னைவிடப் பல மடங்கு உவர்ப்பான ரிஜெக்ட் நிற்கும். அதை என்ன செய்வது என்பதற்கு விடை சொல்லாத வரைக்கும் ஆர்.ஓ. பாதிக் கிணறுதான். எல்லாவற்றையும் கொதிக்க வைத்து வற்ற வைத்தால் எரிபொருள் செலவு தாங்காது. அப்படியே வற்ற வைத்தாலும் கலப்பு உப்பாகக் கிடைக்கும், அது யாருக்கும் உதவாது.

என்னை இந்த வாரம் கட்டிப்போட்ட விஷயம் இனிமேல்தான் வருகிறது. சாயத்துக்குச் சோடியம் குளோரைடும் போடலாம், சோடியம் சல்ஃபேட்டும் போடலாம். இந்த இரண்டாவதுதான் கிளாபர் உப்பு. ஜெர்மானிய வேதியியலாளர் யோஹன் கிளாபர் 17ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரியாவின் ஊற்று நீர் ஒன்றில் இதைக் கண்டு, 'அற்புத உப்பு' என்றே பெயர் வைத்தார். அவர் மனதில் இருந்தது அதன் பேதி மருந்துக் குணம். உண்மையான அற்புதம் அதன் கரைதிறனில் இருக்கிறது. சாதாரண உப்பை எடுத்துக்கொண்டால், 100 கிராம் தண்ணீரில் உறைநிலையில் சுமார் 36 கிராம் கரையும், கொதிநிலையில் 39 கிராம். சூடு ஏறினாலும் இறங்கினாலும் அது பெரிதாக அசைவதில்லை. சோடியம் சல்ஃபேட் அப்படி இல்லை. உறைநிலையில் 5 கிராம்தான் கரைகிறது. 20 டிகிரியில் 19 கிராமைத் தாண்டுகிறது. 32.4 டிகிரியில் கிட்டத்தட்ட 50 கிராம்! அதோடு ஏற்றம் நின்று, அதற்கு மேல் சூடாக்கினால் கரைவது மெல்லக் குறையவும் செய்கிறது. வரைபடத் தாளில் போட்டுப் பாருங்கள்: ஒரு கோடு கிட்டத்தட்டப் படுத்திருக்கிறது, இன்னொன்று செங்குத்தாக ஏறி, 32.4இல் ஒடிந்து, மறுபக்கம் சரிகிறது.

இந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில்தான் திருப்பூரின் சாயத்தொழில் உயிர் பிழைத்தது. இரண்டு உப்பும் கலந்த அடர்த்தியான ரிஜெக்டை வற்ற வைக்காமல் குளிர வைத்தால் என்ன ஆகும்? சாதாரண உப்பு கரைசலிலேயே நிற்கும். சோடியம் சல்ஃபேட்டுக்கு இடம் போதாமல் படிகமாக இறங்கிவிடும். படிகமாகும்போது ஒவ்வொரு மூலக்கூறும் பத்து நீர் மூலக்கூறுகளைக் கூடவே இழுத்துக்கொண்டு வரும். 142 எடையுள்ள உப்பு 180 எடையுள்ள நீரோடு சேர்ந்து 322 ஆகிறது. நூறு கிலோ படிகத்தில் 56 கிலோ தண்ணீர். பத்தாம் வகுப்பில் மயில்துத்தத்தைச் சூடாக்கினால் நீலம் போய் வெளுக்கும் என்று படிப்பதும் இதே படிக நீரைப் பற்றித்தான். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் குளிர்விப்பான் அடியில் கண்ணாடித் துருவல் போல வந்து விழும் அந்தப் படிகம் மறுபடி சாயத் தொட்டிக்கே போகிறது. ஆர்.ஓ. தந்த நல்ல தண்ணீரும் போகிறது. உவர்நீரைத் தூய்மைப்படுத்தி, அதில் உள்ள உப்போடு அப்படியே சாயத்துக்குப் பயன்படுத்தும் முறையும் வந்தது. இன்று 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இப்படி வெவ்வேறு வழிகளைச் சேர்த்து ஓடுகின்றன. எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பு இன்னும் மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் அடுக்கிக் கிடக்கிறது. அதைக் கட்டுப்படியாகும் செலவில் பிரிக்கும் வழியைக் கண்டுபிடிப்பவர் ஒரு வேதியியலாளராகத்தான் இருப்பார்.

வேதியியல் படிக்கச் சொன்னால் வரும் மறுப்புகள் எனக்குத் தெரியும். முதலாவது, டையிங் மாஸ்டர்களில் பலர் பட்டம் வாங்காதவர்கள், கண்ணால் பார்த்தே ஷேடைப் பிடிப்பவர்கள். படிப்பு எதற்கு என்பது. அவர்கள் கையில் இருக்கும் திறமையை நான் மிகவும் மதிக்கிறேன். பல வருடக் கூர்மையான கவனிப்பில் வந்த அறிவு அது. ஆனால் அனுபவம், ஏற்கெனவே நடந்த லாட்டுக்குத்தான் விடை வைத்திருக்கும். தண்ணீரின் கடினத்தன்மை மாறும்போது, உப்பைத் திருப்பி எடு என்று கோர்ட் சொல்லும்போது, வெளிநாட்டு பையர் ஒரு ரசாயனத்தைத் தடைசெய்யும்போது, அது ஏன் வேலை செய்தது என்று தெரிந்தவர்தான் மாற்று வழி சொல்ல முடியும். அந்த மாஸ்டரின் கண்ணும் இந்தப் படிப்பும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்பதுதான் என் ஆசை. இரண்டாவது மறுப்பு, ஷேடு பார்ப்பதைக் கம்ப்யூட்டரே செய்கிறதே என்பது. செய்கிறது. அந்த மென்பொருளுக்குள் இருப்பது குபெல்கா, முங்க் என்ற இருவர் 1931இல் எழுதிய சமன்பாடு. நிறமிகள் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகின்றன, எவ்வளவு சிதறடிக்கின்றன என்ற கணக்கு. அதன் விடை தப்பாகப் போகும்போது எங்கே தவறியது என்று பார்க்கச் சாயத்தின் வேதியியல் தெரிந்த ஆள் வேண்டும்.

மூன்றாவது மறுப்புத்தான் கனமானது: சம்பளம். பிஎஸ்சி முடித்து லேபில் சேரும் பிள்ளைக்குக் கிடைக்கும் முதல் சம்பளம், நன்றாகத் தைக்கத் தெரிந்த பவர் டேபிள் டெய்லரின் வாரக் கூலியோடு வைத்துப் பார்த்தால் மெச்சும்படி இருப்பதில்லை. இது உண்மை, பெற்றோரின் தயக்கத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. இதைப் படிப்பின் குறை என்று எடுத்துக்கொள்வதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த லேபில் பெராக்சைடு ப்ளீச்சிங் தொட்டியின் வீரியத்தைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் வைத்து டைட்ரேஷன் செய்து பார்க்கிறார்கள். பியூரெட்டிலிருந்து விழும் ஒரு சொட்டில் இளஞ்சிவப்பு நிலைத்து நின்றதும் அளவு எழுதுகிறார்கள். பிளஸ் டூ பிராக்டிகலில் செய்கிற அதே பெர்மாங்கனேட் சோதனைதான். அந்தச் சொட்டைத் தவறவிட்டால் ஒரு லாட் முழுக்கப் பாழாகும். பாழாகும் லாட்டின் விலையை அறிந்த முதலாளிகள் அந்தச் சொட்டைப் பார்க்கும் பிள்ளைக்கும் அதற்கேற்பக் கொடுக்க வேண்டும். கொடுக்காத வரை நல்ல மாணவர்கள் இந்தப் பக்கம் வர மாட்டார்கள். வரவில்லையே என்று குறைப்பட்டுக்கொள்ளவும் உரிமை இல்லை.

சாய வேதியியல் படித்தால் சாயப்பட்டறைக்குள்ளேயே முடங்கிவிட வேண்டியதுதான் என்ற பயத்துக்கும் ஒரு பதில் உண்டு. ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் கெர்ஹார்ட் டொமாக், 1930களில், புதிய சாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கிருமிகளின் மேல் சோதித்துக்கொண்டிருந்தார். ப்ரோன்டோசில் என்ற சிவப்புச் சாயம், கிருமி தொற்றிய எலிகளைக் காப்பாற்றியது. சல்ஃபா மருந்துகளின் தொடக்கம் அதுதான். பெனிசிலின் கைக்கு வரும் முன்னே எத்தனையோ தாய்மார்களைப் பிரசவக் காய்ச்சலிலிருந்து மீட்டவை அவை. அவருடைய மகளுக்கே கையில் ஊசி குத்திச் சீழ் பிடித்தபோது அந்தச் சாயத்தைக் கொடுத்துக் காப்பாற்றினார். 1939இல் நோபல் பரிசு. காற்றிலிருந்து உரம் செய்யும் முறையைத் தொழிற்சாலையில் நிறுவிய பிஏஎஸ்எஃப் நிறுவனமும் சாயம் செய்து வளர்ந்ததுதான். சாயத்தில் தொடங்கி மருந்துக்கும் உரத்துக்கும் போன வழி அது. சாயத் தொட்டிகள் நிறைந்த ஊரில் பிறந்த பிள்ளைகளுக்கு அந்த வழி அடைபட்டிருக்கக் காரணமே இல்லை.

வாக்குக் கொடுத்த வித்தியாசத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 32.4 டிகிரியில் கோடு ஏன் ஒடிகிறது என்று கேட்பது வேதியியல். லட்சக்கணக்கான லிட்டர் ரிஜெக்டை, கட்டுப்படியாகும் மின்செலவில், குழாய் அடைக்காமல் அந்த வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோவது எப்படி என்று கேட்பது வேதிப் பொறியியல். எந்தக் கல்லூரியில் எது, எந்த மதிப்பெண்ணுக்கு எது என்ற விவரத்துக்கு இனி இடமில்லை; அடுத்த வாரம் எழுதுகிறேன். அதோடு, ப்ளீச்சிங் முடிந்த துணியில் மிஞ்சிய பெராக்சைடைப் போக்கப் போடும் கேட்டலேஸ் என்ற நொதியையும் பார்க்க வேண்டும். உயிரியல் எடுத்தால் டாக்டர் ஆவதைத் தவிர வேறென்ன என்று கேட்பவர்களுக்கு அதில் பதில் இருக்கிறது.

அதற்குள் பதினோராம் வகுப்புச் சேர்க்கைப் படிவம் கைக்கு வந்துவிட்டால், வேதியியல் இல்லாத குரூப்பில் டிக் போடும் முன், பிள்ளையின் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் 'கரைசல்கள்' பாடத்தை அவர்களோடு உட்கார்ந்து ஒருமுறை படித்துப் பாருங்கள். சின்னப் பாடம்தான். அரை மணி நேரம் போதும்.