நோயாளியின் தட்டையும் பாருங்கள்!

திரேஸ்புரத்தில் சங்கு குளித்த என் சித்தப்பா, மூச்சடக்கிக் கடலின் அடி தொட்டு வந்தவர். முதுமையில் நிமோனியா கண்டு பத்து நாள் மருத்துவமனையில் இருந்தார். காய்ச்சலும் ரத்த அழுத்தமும் வேளை தவறாமல் குறிக்கப்பட்டன. அவர் தட்டில் மீந்த சோற்றை எவரும் குறிக்கவில்லை. உடனிருந்த நானும் பொருட்படுத்தவில்லை. வீடு திரும்பியபோது நோய் தணிந்திருந்தது. எழுந்து நிற்கத்தான் காலில் வலுவில்லை.

நோய் பசியை அடக்குகிறது. அதே வேளையில் உடலின் புரதத் தேவையைக் கூட்டுகிறது. உணவு குறைந்தால் உடல் தன் தசையையே கரைத்துக்கொள்கிறது. கால்தசை மட்டுமன்றி, மூச்சுக்கும் இருமலுக்கும் உதவும் தசைகளும் தேய்கின்றன. சளியை வெளியேற்ற இயலாமல் தொற்று நீடிக்கிறது. புண் ஆறத் தாமதமாகிறது.

எனவே, உணவு என்பது உபசாரமன்று, சிகிச்சை. சுவிட்சர்லாந்தின் எட்டு மருத்துவமனைகளில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு இதை மெய்ப்பித்தது. ஊட்டக்குறைவு அபாயமுள்ள நோயாளிகளுக்கு அவரவர் தேவைக்கேற்ப உணவு திட்டமிடப்பட்டது. 30 நாள்களுக்குள் நேர்ந்த இறப்பு, வழக்கமான உணவு பெற்றோரில் நூற்றுக்குச் சுமார் 10. திட்டமிட்ட உணவு பெற்றோரில் சுமார் 7.

வழிகாட்டல் நம்மிடமும் உண்டு. 2022-இல் தமிழகம் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்', காசநோயாளியின் எடையையும் உயரத்தையும் தொடக்கத்திலேயே அளக்கச் சொல்கிறது. உடல் நிறை குறியீட்டெண் 14-ஐத் தாண்டாதவர்கள், அதாவது 160 செ.மீ. உயரத்துக்கு 36 கிலோவுக்கும் குறைவாக இருப்பவர்கள், உடனடி மருத்துவமனைக் கவனிப்புக்குரியவர்கள். ஓர் எடைக்கருவியே உயிர்காக்கும் கருவியாகிறது.

இந்நெறியை ஏன் எல்லா உள்நோயாளிகளுக்கும் விரிக்கக் கூடாது? சேர்க்கும்போதே எடை பார்க்க வேண்டும். அண்மையில் மெலிந்தாரா, பசி குறைந்ததா எனக் கேட்க வேண்டும். உண்ட அளவை முழுத்தட்டு, பாதி, கால் என அன்றாடம் குறிக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் அவசரமற்ற பரிசோதனைகளைத் தவிர்க்கலாம். நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாக ஊட்டுவது ரத்தத்தின் உப்புச் சமநிலையைக் குலைத்து உயிருக்கே ஊறு செய்யும் என்பதால், அதை மருத்துவரே படிப்படியாக நடத்த வேண்டும்.

உறவினர்களுக்கும் பங்குண்டு. மருத்துவர் வரும்போது, "நேற்று என்ன சாப்பிட்டார்?" என்று அவர் கேட்கக் காத்திராமல் நாமே சொல்ல வேண்டும். சித்தப்பாவின் கட்டிலருகே நான் சொல்லத் தவறியது அது ஒன்றுதான்.