"கால் கிலோவா, முக்கால் கிலோவா?" இரைச்சலில் காதைப் பறிகொடுக்கும் தாம்பரம் வியாபாரிகள்!

மாலை 6 மணி. மேற்கு தாம்பரம் சண்முகம் சாலை. மின்சார ரெயிலில் வந்த கூட்டம் திமுதிமுவென்று மார்க்கெட்டுக்குள் நுழைகிறது.

"கால் கிலோ தக்காளி போடுங்க!"

"என்னது, முக்கால் கிலோவா?"

இந்தக் கேள்வி காதில் விழாமல் அங்கே காய்கறி வாங்க முடியாது. ஒரு பக்கம் பஸ் ஹாரன். மறுபக்கம் ஆட்டோ. நடுவே தள்ளுவண்டி ஸ்பீக்கரில் ஓயாத கூவல்.

வாங்க வந்தவர் அரை மணியில் வீட்டுக்குப் போய்விடுவார். வியாபாரிக்கோ காலை முதல் இரவு வரை இதே இடம்தான்!

65 டெசிபல்தான்!

2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி கடைத்தெருவில் பகலில் 65 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் 55 டெசிபல் வரைதான் சத்தம் இருக்கலாம். இரண்டு பேர் சாதாரணமாகப் பேசினாலே சுமார் 60 டெசிபல் வந்துவிடும். ஸ்பீக்கர் வைக்க எழுத்து மூலம் அனுமதி வேண்டும். ஏர்ஹாரனுக்கு மோட்டார் வாகன விதிகளில் தடையே உண்டு. ஆனால் யார் கேட்கிறார்கள்?

வலிக்காமல் போகும் காது

உள்காதில் மெல்லிய மயிர் போன்ற உணர்வுச் செல்கள் இருக்கின்றன. இவை அழிந்தால் மறுபடி முளைக்காது. 85 டெசிபல் சத்தத்தில் தினமும் 8 மணி நேரம் என்று வருடக்கணக்கில் இருந்தால் காது கெடும். அதற்கு மேல் 3 டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரட்டிப்பு. அதாவது 88 டெசிபல் என்றால் 4 மணி நேரத்திலேயே அதே பாதிப்பு!

வலி தெரியாது. முதலில் பேச்சு கேட்கும், சொல் புரியாது. ராத்திரி படுத்தால் காதுக்குள் "ஙொய்" என்று ரீங்காரம். வீட்டில் டி.வி. சத்தம் கூடிக்கொண்டே போகும்.

காதோடும் நிற்பதில்லை. ஓயாத இரைச்சலில் உடம்பு எப்போதும் பதற்றத்திலேயே இருக்கும். தூக்கம் கெடும். நாளடைவில் ரத்தக் கொதிப்பு, இருதய நோய் அபாயமும் கூடும்.

கேட்பார் இல்லை

தொழிற்சாலைத் தொழிலாளிக்கு மெஷின் சத்தத்தால் காது போனால் சட்டம் அதைத் தொழில் நோயாகக் கணக்கில் எடுக்கும். தள்ளுவண்டிக்காரருக்கு முதலாளியும் அவரே, தொழிலாளியும் அவரே. அவர் காது போனால் கேட்பார் இல்லை!

கையில் இருக்கும் வழி

பஸ் ஹாரனை வியாபாரி நிறுத்த முடியாது. ஸ்பீக்கரைக் குறைக்க முடியும். ஒருவர் கூட்டினால் பக்கத்துக்காரரும் கூட்டுகிறார். கடைசியில் யார் குரலும் எடுபடுவதில்லை. எல்லோரும் பேசி வைத்துக் குறைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. விலையை அட்டையில் பெரிதாக எழுதி வைத்தால் போதும், வருகிறவர் படித்துக் கொள்வார்.

சொல் புரியாமல் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தால், காது டாக்டரிடம் ஒரு தடவை பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

தராசு கெட்டால் சரி செய்யலாம். காது போனால் போனதுதான்!